டிபிடி இவருக்குப் பொருந்துமா? வன்னியில் பணிபுரியும் உளவளத்துணையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதலில், டிபிடி என்று எதைச் சொல்கிறோம்?

இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷா லினஹான் உருவாக்கியது. சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு திரும்பத் திரும்ப வைத்தியசாலைக்கு வந்துகொண்டிருந்த பெண்களுக்காகத் தொடங்கினார். முதல் ஒப்பீட்டு ஆய்வு 1991இலும் கைநூல்கள் 1993இலும் வெளிவந்தன. இளவயதில் தானும் தன்னை வருத்திக்கொண்டு வைத்தியசாலையில் அடைபட்டுக் கிடந்தவள்தான் என்பதை 2011இல் அவரே வெளியில் சொன்னார். சில துணைநாடிகளுக்கு (எங்களிடம் உதவி தேடி வருபவர்களுக்கு) இந்தச் செய்தி எந்தப் பயிற்சியையும் விட உதவுகிறது.

முழு டிபிடியில் நாலு பகுதிகள் உண்டு: கிழமைக்கு ஒரு தனிச் சந்திப்பு, கிழமைக்கு ஒரு திறன் வகுப்பு, இடையில் தேவைப்படும்போது போனில் வழிகாட்டல், சிகிச்சை செய்பவர்கள் தங்களுக்குள் கூடிக் கதைக்கும் ஆலோசனைக் குழு. திறன் வகுப்பில் நாலு பாடங்கள்: மனவிழிப்பு (இந்தக் கணத்தில் கவனத்தை வைத்திருத்தல்), துயர் தாங்கல், உணர்ச்சியை நெறிப்படுத்தல், ஆட்களோடு பழகுதல். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 24 கிழமை ஆகும். வழமையாக இரண்டு சுற்று, அதாவது ஒரு வருடம்.

எங்களில் பலருக்குக் கிடைத்ததோ இரண்டு மூன்று நாள் பயிற்சியும் ஒரு கட்டு போட்டோக்கொப்பியும்தான். ஆகவே "பொருந்துமா" என்று கேட்கும்போது, இந்த ஆளுக்கு டிபிடி தேவையா என்பதோடு, நாங்கள் கொடுக்கக்கூடிய அளவு டிபிடி இவருக்குப் போதுமா என்பதையும் கேட்க வேண்டும்.

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று உளமருத்துவர் எழுதினால்தான் தொடங்கலாமா?

இல்லை. உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் தடுமாறும் அந்தக் கோளாறுக்குத்தான் டிபிடி பெயர்பெற்றது, ஆனாலும் பெயரைப் பார்க்காதீர்கள், போக்கைப் பாருங்கள். உணர்ச்சி சடாரென ஏறுகிறதா, ஏறினால் இறங்க மற்றவர்களை விட நேரம் எடுக்கிறதா, ஏறியிருக்கும்போது தன்னையோ உறவையோ வேலையையோ சேதப்படுத்தும் ஒன்றைச் செய்துவிடுகிறாரா, இது பல வருடமாகப் பல இடங்களில் திரும்பத் திரும்ப நடக்கிறதா? நாலுக்கும் ஆம் என்றால் நோயறிதல் எதுவாக இருந்தாலும் டிபிடியை யோசிக்கலாம். மதுப் பழக்கம், அளவுமீறி உண்பது, பதின்வயதினர் என்று பல பிரிவினருக்கு இதை மாற்றியமைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அந்தப் பெயரை கிளினிக் கொப்பியில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தக் கொப்பியை வீட்டில் எல்லோரும் வாசிப்பார்கள். "ஆளுமை" என்ற சொல்லைப் பார்த்த மாமியார் "இவளின்ர குணமே பிழையாம்" என்று ஊருக்குச் சொல்லிவிடுவார்.

சண்டைபிடித்துவிட்டு பூச்சிமருந்து குடித்தவர் வார்டிலிருந்து நேரே என்னிடம் அனுப்பப்பட்டிருக்கிறார். இவருக்கு டிபிடி தானே?

பெரும்பாலும் இல்லை. அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

தன்னை மாய்க்க முயன்றவர் என்றாலே டிபிடி என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. எங்கள் ஊர்களில் நஞ்சு குடித்து வருபவர்களில் ஒரு பகுதியினர், புருசனோடு வாய்த்தர்க்கம், அப்பா அடித்தது, காதல் வெளியே தெரிந்தது என்று ஒரு பொழுதில் எழுந்த கொதிப்பில், கைக்கெட்டிய போத்தலை எடுத்தவர்கள். அதற்கு முந்தின நாள் வரை அப்படி ஒரு யோசனையே இருந்திராது. இலங்கையில் தற்கொலை விகிதம் 1990களின் நடுப்பகுதியில் உச்சத்துக்குப் போய்ப் பின்னர் வெகுவாக இறங்கியதற்கு, மிகவும் நச்சுத்தன்மையான பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது முக்கிய காரணம். சனத்தின் கோபம் குறைந்து அது இறங்கவில்லை, கைக்கெட்டும் பொருள் மாறியதால் இறங்கியது.

அப்படி ஒருவருக்கு ஒரு வருடச் சிகிச்சை தேவையில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டுக்குள் எங்கே இருக்கிறது, திறப்பு யாரிடம், சண்டை வந்தால் எந்த வீட்டுக்குப் போவார், யாருக்குப் போன் எடுப்பார் என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் அதில் சேருங்கள். மனச்சோர்வு இருக்கிறதா, வீட்டில் அடி விழுகிறதா என்று தனியே வைத்துக் கேளுங்கள். பிறகு சில மாதங்களுக்குத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வீடுவரை போய்ப் பார்ப்பதைச் சிறிய வேலையாக எண்ண வேண்டாம்.

ஆனால் "இது முதல் தரமா?" என்று கேட்டு அத்தோடு நிறுத்தாதீர்கள். வார்டு வரை வந்தது முதல் தரமாக இருக்கலாம். சட்டைக் கைக்குள் பழைய தழும்புகள் இருக்கலாம். குளிசையைக் கூடப் போட்டுவிட்டு இரண்டு நாள் நித்திரை கொண்டு எழும்பியதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படித் தெரியவந்தால் டிபிடி பற்றிய கதையைத் தொடங்குங்கள்.

உண்மையைச் சொன்னால் பொலிஸ் வரும் என்று பயப்படுகிறார்.

தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல. இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பழைய சட்டத்தின் பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் மறைத்தால் உங்கள் மதிப்பீடே பிழைத்துவிடும்.

ஒருவரின் துன்பம் திறன் குறைவால் வருகிறதா, வாழ்க்கை நிலைமையால் வருகிறதா என்று எப்படிப் பிரிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

மூன்று பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கிழமைக் கடன் கட்டாததால் லோன்காரர் வாசலில் வந்து நிற்கிறார். இன்னொருவரைப் புருசன் கசிப்பு குடித்துவிட்டு அடிக்கிறார். மூன்றாமவரின் மகன் 2009இல் போர் முடிவில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட பிறகு எந்தத் தகவலும் இல்லை. இந்த மூன்று பெண்களும் அழுவார்கள், நித்திரை கொள்ள மாட்டார்கள், "செத்தால் நல்லம்" என்பார்கள். மூவருக்கும் உணர்ச்சி கூடுதல்தான். அந்த நிலைமைக்கு அந்த உணர்ச்சி கூடுதலா என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

முதலாமவருக்கு வேண்டியது கடனை எப்படிப் பிரித்துக் கட்டுவது, எங்கே முறையிடுவது என்று தெரிந்த ஒருவர். பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாமவருக்குத் துயர் தாங்கல் சொல்லிக் கொடுப்பது ஆபத்து. அடியைத் தாங்கப் பழக்குவதாக அவரும் எடுத்துக்கொள்வார், புருசனும் எடுத்துக்கொள்வார். அவருக்கு முதலில் பாதுகாப்பு: பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சட்ட உதவி, போயிருக்க ஓர் இடம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாமவர் விடயத்தில் டிபிடி கைநூலே காலை வாரிவிடும். துயர் தாங்கல் பாடத்தில் "முழுமையாக ஏற்றுக்கொள்ளல்" என்றொரு திறன் வருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், "பிள்ளை செத்துப்போனான் எண்டு ஏற்றுக்கொள்" என்றுதான் அவர் காதில் விழும். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர்களிடம் அந்தப் பாடத்தைக் கொண்டுபோவதில் எந்த நியாயமும் இல்லை. ஏற்கச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, "இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை" என்பது. அதைக்கூட நாங்கள் எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவர் வாயிலிருந்து வரட்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கஷ்டமான வாழ்க்கை உள்ளவருக்கு டிபிடி கூடாது என்று அர்த்தமில்லை. அடியும் விழுகிறது, கையையும் வெட்டுகிறார் என்றால் இரண்டு வேலையும் நடக்க வேண்டும். கடனை நாளைக்கே அடைத்தாலும் இந்த ஆள் தன்னை வருத்துவாரா என்பதே நான் எனக்குள் போட்டுப் பார்க்கும் கேள்வி. ஆம் என்று தோன்றினால் டிபிடிக்கு இடமுண்டு.

திறன் இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு சந்திப்பில் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு சம்பவத்தைச் சங்கிலியாகப் பிரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பல பேரின் கதையை ஒன்றாக்கி ஓர் உதாரணம் தருகிறேன்.

விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. முதல் நாள் இரவு நாலு மணித்தியாலம் நித்திரை. மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் பஸ்ஸில் வரும்போது வெளிநாட்டிலிருக்கும் கணவர் வட்ஸ்அப்பில் பார்த்தும் பதில் போடாததைக் கண்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா "இந்த மாசம் ஏன் காசு குறைவு?" என்றார். நெஞ்சு சூடாகியது, காது அடைத்தது. "நான் ஒருத்தருக்கும் தேவையில்லை" என்ற எண்ணம். அறையைப் பூட்டினாள், கையை வெட்டினாள். சூடு இறங்கியது. அம்மா கதவை உடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்து அழுதார். அரை மணித்தியாலத்தில் கணவர் கோல் எடுத்தார்.

இனி ஒவ்வொரு கண்ணியிலும் கேளுங்கள்: இந்த இடத்தில் வேறென்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரியுமா? இதே பிள்ளை தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் நயமாகக் கதைத்து லீவு எடுப்பவள் என்றால், கதைக்கும் திறன் அவளிடம் உண்டு. வீட்டில் அது வெளியே வராமல் ஏதோ தடுக்கிறது: பயமா, வெட்கமா, "அம்மாவிடம் எதிர்த்துக் கதைக்கக் கூடாது" என்ற எண்ணமா? சூடு ஏறியபின் அதை இறக்கும் வழி ஒன்றும் தெரியவில்லை என்றால் அங்கே திறன் குறைவு. வெட்டிய பிறகுதான் வீடு அன்பு காட்டுகிறது, தூரத்திலிருந்தும் கோல் வருகிறது. அந்த வழக்கம் அவளது திறனில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இவளை வகுப்பில் மட்டும் இருத்தினால் பாடம் நன்றாக ஒப்புவிப்பாள், வெட்டுவதும் நிற்காது. தனிச் சந்திப்பும், அம்மாவோடும் கணவரோடும் ஒரு கதையும் வேண்டும்.

யாருக்கு வேறு சிகிச்சை முதலில்?

காதில் குரல் கேட்பவர், யாரோ கொல்ல வருவதாக உறுதியாக நம்புபவர், நாட்கணக்காக நித்திரையில்லாமல் உற்சாகம் தலைக்கேறி நிற்பவர் ஆகியோருக்கு முதலில் உளமருத்துவர், மருந்து. நாளாந்தம் குடித்துவிட்டு நிறுத்தினால் நடுங்குபவர், முதலில் வார்டில் இருந்து பாதுகாப்பாகக் குடியை நிறுத்த வேண்டும். மனச்சோர்வோ பீதியோ தனியே இருந்தால் அதற்கென்று இதைவிடக் குறுகிய, நன்றாகப் பரீட்சிக்கப்பட்ட வழிகள் உண்டு. மனவடு நோய் (கொடிய அனுபவத்தின் பின் தொடரும் உளநோய்) மட்டும் இருந்து, தன்னை வருத்தும் போக்கு இல்லையென்றால், மனவடுவுக்கான சிகிச்சைக்கே நேரே போகலாம். டிபிடியை முதலில் முடிக்க வேண்டும் என்று இழுத்தடிக்க வேண்டியதில்லை.

எங்களிடம் மட்டும் கூடுதலாகப் பார்க்க வேண்டிய ஒன்று: தலையில் செல்துண்டு உள்ளவர்கள், வெடியதிர்ச்சியால் காது மந்தமானவர்கள். சட்டெனக் கோபம், மறதி, ஒரு விடயத்தில் மனம் நிற்காமை எல்லாம் மூளைக் காயத்தாலும் வரும். பார்வைக்கு உணர்ச்சிக் கட்டுப்பாடின்மை போலவே இருக்கும். தலைக்காயம் பற்றிக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் எங்கள் கண்ணில் படுவதே இல்லை: அழாதவர்கள், கோபப்படாதவர்கள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு முன்மாதிரியாக ஓடித்திரிந்து, ஒருநாள் திடீரென உடைபவர்கள். இவர்களுக்குக் கட்டுப்பாடு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கிறது. கட்டுப்படுத்தும் திறனை இன்னும் சொல்லிக் கொடுத்தால் இறுக்கம் கூடும்.

அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு விருப்பமில்லை.

விருப்பமின்மை பொருந்தாமைக்கு அடையாளம் அல்ல. டிபிடியில் சிகிச்சைக்கு முந்திய கட்டம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். சில சந்திப்புகளை, எதற்காக உயிரோடு இருக்க வேண்டும், எப்படி ஒரு வாழ்க்கை வேண்டும் என்று கதைக்கவே எடுத்துக்கொள்ளுங்கள். "ஒரு வருடம் வரவேணும், கொப்பியில எழுதவேணும், கஷ்டமாயிருக்கும். ஏன் இதைச் செய்யப்போறீர்?" என்று எதிர்ப்பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். சும்மா தலையாட்டியவர் அங்கே தடுமாறுவார், உண்மையான காரணம் உள்ளவர் வாதாடத் தொடங்குவார்.

தன்னை வருத்துவதைக் குறைக்க முயல்வேன் என்ற சிறிய உடன்பாடாவது அவரிடமிருந்தே வர வேண்டும். கடைசிவரை வராவிட்டால் டிபிடி தொடங்காதீர்கள். ஆளை விட்டுவிடாமல் சாதாரணமாகச் சந்தித்துக்கொண்டிருங்கள்.

எழுத வாசிக்கத் தெரியாதவர்?

தடையில்லை. தினமும் உணர்ச்சியையும் உந்துதலையும் குறிக்கும் நாட்குறிப்பு அட்டைக்குப் பதிலாக சி.ஆர். கொப்பித் தாளில் கட்டம் கீறி, தன்னை வருத்தும் உந்துதலை 0 முதல் 5 வரை புள்ளிகளாகப் போடச் சொல்லுங்கள். நித்திரைக்கு நிலா, குளிசைக்கு வட்டம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து நிரப்ப மட்டும் விடாதீர்கள்.

குழுவில் இருத்தலாமா, தனியேயா?

கைநூல் குழு என்கிறது. ஆனால் கைநூல் எழுதப்பட்ட நகரத்தில், ஒரே வட்டத்தில் இருக்கும் எட்டுப் பேருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. முல்லைத்தீவில் ஒரு கிராமத்தில் எட்டுப் பேரைக் கூட்டினால் இரண்டு பேர் மச்சாள்மார், ஒருவர் மற்றவருக்குச் சீட்டுக் காசு தரவேண்டியவர். போர்க்காலத்து அனுபவம் எதிரெதிராக இருப்பவர்களும் ஒரே பாயில் இருப்பார்கள்: விரும்பி இயக்கத்துக்குப் போனவர், பிள்ளையை ஆட்சேர்ப்பில் பறிகொடுத்தவர். திறன் வகுப்பு பாடம்தான், கதை சொல்லும் இடமல்ல என்று விதி வைத்தாலும் முகத்தைக் கண்டாலே போதும், பழையது கிளம்பும்.

வெவ்வேறு பிரதேசத்திலிருந்து ஆட்களைச் சேர்க்க முடிந்தால் குழு நடத்துங்கள். முடியாவிட்டால் திறனைத் தனியாகவே படிப்பியுங்கள். அதற்குச் சந்திப்பின் நேரத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிழமைப் பிரச்சினை முழு நேரத்தையும் விழுங்கிவிடும்.

நாலு கிழமை தொடர்ந்து வராவிட்டால் நிறுத்த வேண்டும் என்கிறார்களே?

மூலவிதி அதுதான்: தனிச் சந்திப்போ வகுப்போ நாலு தொடர்ந்து தவறினால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே. விதி நல்லது, வருவார் வருவார் என்று இழுபடுவதைத் தடுக்கிறது. ஆனால் காலபோக அரிவுவெட்டு நேரம் துணுக்காய், மல்லாவிப் பக்கத்திலிருந்து கிழமைக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வா என்று கேட்பது எப்படி? வரமுடியாத நாட்களைத் தொடங்கும்போதே கலண்டரில் குறித்து, அந்த நாட்களுக்குப் போன் சந்திப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். குறித்த நாட்கள் போக மற்றவற்றுக்கு விதியை இறுக்கமாகப் பிடியுங்கள். பஸ் ஓடாததையும் அவர் வராததையும் ஒன்றாக்க வேண்டாம்.

போன் வழிகாட்டல்?

போன் யாருடையது என்று கேளுங்கள். கணவரோடு பங்குபோடும் போன் என்றால் கோல் பட்டியலை அவரும் பார்ப்பார். உங்கள் எல்லையையும் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிவரை எடுப்பீர்கள், எடுக்க முடியாவிட்டால் அடுத்து யார். வெட்டுவதற்கு முன் எடுத்தால் திறனுக்கு உதவுவேன், வெட்டிய பிறகு 24 மணித்தியாலத்துக்கு உயிர்ப் பாதுகாப்பு தவிர வேறெதுவும் போனில் கதைக்கமாட்டேன் என்ற விதியை முன்கூட்டியே விளக்குங்கள். திடீரென அமுல்படுத்தினால் தண்டனையாகத்தான் தெரியும்.

குளிர்நீரில் முகம் வைக்கும் பயிற்சி எல்லோருக்கும் சரிதானா?

இல்லை. கொதிப்பை இறக்க டிபிடியில் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பயிற்சி இதயத்துடிப்பைச் சடுதியாகக் குறைக்கும். இதய நோயாளர், ப்ரொப்ரனலோல் போன்ற குளிசை எடுப்பவர், உணவை ஒறுத்து மெலிந்தவர் ஆகியோருக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பதற்றத்துக்கென்று ப்ரொப்ரனலோல் எழுதிக் கொடுப்பது இங்கே வழமை என்பதால் மருந்துச் சிட்டையை வாங்கிப் பாருங்கள். போரின் கடைசி நாட்களில் நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து வந்தவரிடம், மூச்சை அடக்கி முகத்தைத் தண்ணீருக்குள் வை என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். கடையில் வாங்கிய ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்தால் கவனம் திரும்ப அதுவே பலருக்குப் போதும். மனவிழிப்பும் கண்ணைத் திறந்தபடியே செய்யலாம்.

நான் ஒரே ஆள். ஆலோசனைக் குழு இல்லை. திறனை மட்டும் படிப்பிக்கலாமா?

கடும் ஆபத்தில் உள்ளவரைத் தனியே எடுக்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலை உளநலப் பிரிவோடு சேர்ந்து செய்யுங்கள். லினஹான் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் 99 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: முழு டிபிடி, திறன் வகுப்போடு வழக்கு முகாமை (ஆளுக்கு வேண்டிய உதவிகளை ஒருவர் ஒழுங்குசெய்து கவனிப்பது), திறன் வகுப்பு இல்லாத தனிச்சிகிச்சை. தற்கொலை முயற்சி மூன்றிலும் குறைந்தது. தன்னை வருத்துவது திறன் வகுப்பு இருந்தவற்றில் கூடுதலாகக் குறைந்தது. திறன் வகுப்புக்குப் பலமுண்டு என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் அந்தத் திறன் குழுவுக்கும் முறையான வழக்கு முகாமையும் ஆபத்தை மதிப்பிடும் ஏற்பாடும் இருந்தன. போட்டோக்கொப்பிக் கட்டோடு அதை ஒப்பிட முடியாது.

ஆலோசனைக் குழுவுக்கு, வவுனியாவில் ஒருவர், மன்னாரில் ஒருவர், நீங்கள் என்று மூன்று பேர் கிழமைக்கு ஒருதரம் போனில் கூடினாலே தொடக்கத்துக்குப் போதும். துணைநாடியின் பெயரும் ஊரும் வேண்டாம்.

பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

"உங்களுக்குச் சரிவராது" என்று சொல்லாதீர்கள். "நீங்கள் சொன்னதைக் கேட்டதில், இப்ப உங்களுக்கு முதல் வேண்டியது நித்திரையும் மருந்தும். அதுக்கு இந்த டொக்டரிட்ட கடிதம் தாறன். அடுத்த கிளினிக் முடிய இஞ்ச வந்து சொல்லுங்கோ அக்கா" என்று போகும் இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். கடிதத்தை ஒட்டாமல் கையில் கொடுத்து, அதில் உள்ளதை வாசித்தும் காட்டுங்கள்.

எடுத்த முடிவை எப்போது மீளப் பார்ப்பது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அட்டையில் தன்னை வருத்திய நாட்கள் குறைகிறதா, வீட்டில் ஒரு தரமாவது திறனைப் பயன்படுத்தினாரா, சந்திப்புக்கு வருகிறாரா என்று மூன்றையும் பாருங்கள். உயிராபத்து முதலில், சிகிச்சையைக் குழப்பும் விடயங்கள் அடுத்து, வாழ்க்கைத் தரம் பிறகு என்ற டிபிடி ஒழுங்கிலேயே பாருங்கள். மூன்றும் அசையவில்லை என்றால் முதலில் சங்கிலியை மறுபடி எடுங்கள், தவறவிட்ட கண்ணி ஒன்று இருக்கும். மீளாய்வை மே மாதத்தில் மட்டும் வைக்க வேண்டாம். போர் முடிந்த 18ஆம் திகதியை ஒட்டி அட்டைகளில் இலக்கங்கள் ஏறும். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைப் பொங்கலென்று ஆட்களும் வரமாட்டார்கள். ஜூன் கடைசிக்குத் திகதி போடுங்கள்.